மாப்பிள்ளை இல்லாமல் குடிபோன வீடு

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பெண்ணை அல்ல, வீட்டை. கோபத்தில் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். குசினி யன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் தாய் நேராகப் பாத்ரூமுக்குள் போய், பைப்பைத் திறந்து, "தண்ணி வரத்து நல்லம்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறிப் போனார். அறைக்குள் சாறி கட்டி, பவுடர் வியர்வையில் கரைய நான் காத்திருந்ததை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பைப்புக்கு இருந்த மதிப்பு எனக்கு இருக்கவில்லை.

நாங்கள் காரைதீவில் வயல் செய்கிற குடும்பம். காரைதீவு, கல்முனை, அங்கால மருதமுனை வரைக்கும் தமிழர் என்றில்லை, முஸ்லிம் என்றில்லை, எல்லாருக்கும் இதில் ஒரே வழக்கம்தான். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஆண்தான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். நான் படித்த இடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டு வாயைப் பிளந்தாள். "அப்ப நீங்கள் எல்லாரும் வீட்டுக்காரிகள்! உங்களுக்கென்னப்பா குறை?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு எங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் கேற்றை யார் எப்போது திறப்பது, நாங்கள் எத்தனை மணிக்குள் திரும்பி வருவது என்பதெல்லாம் முதலில் அப்பாவின் வாயில் இருக்கும், பிறகு புருஷனின் வாய்க்குப் போகும்.

நாங்கள் பிறந்து வளர்ந்த வீடும் அம்மாவின் சீதன வீடுதான். அப்பா அதற்குள் மாப்பிள்ளையாக வந்தவர். ஆனால் ஊரில் ஒருவர்கூட அதை அம்மாவின் வீடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள். அம்மாவும் ஒருநாளும் "என்ட வீடு" என்று சொன்னதில்லை. கோழிக்கூட்டை எந்த மூலையில் வைப்பது என்றுகூட அப்பாவைக் கேட்டுத்தான் செய்வார்.

நான் பெரிய பிள்ளை ஆன வருஷமே, எதிர்ப் பக்க வளவில் அப்பா எனக்கு அத்திவாரம் போட்டார். எங்கள் வயல் இறக்காமம் பக்கம். பெரும்போகம் விளைந்தால் சுவர் கொஞ்சம் உயரும். யானை இறங்கி வயலை மிதித்தால் அந்த வருஷம் சீமெந்து மூட்டை வராது, சுவரில் பாசி பிடிக்கும். அப்பாவின் முதுகு வளைந்ததும் அந்தச் சுவர் உயர்ந்ததும் என் கண் முன்னால்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. அப்பா எனக்காகப் பாடுபட்டார். ஆனால் எப்படிப்பட்ட வீடு எனக்குப் பிடிக்கும் என்று ஒரு தரமாவது என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவன் போனவனை எல்லாம் கேட்டார்.

கட்டாரில் வேலை செய்த ஒருவருக்காக முன்னால் போட்டிக்கோ இறக்கினோம். அவரிடம் கார் இல்லை, வாங்கப் போகிறாராம். போட்டிக்கோ வந்தது, அவர் வரவில்லை. அடுத்து வந்தவர் வாத்தியார். அவருடைய சாத்திரி கிழக்கு வாசல் அவருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். கிழக்கே இருந்த கதவைக் கழற்றிக் கல் வைத்து அடைத்து, வடக்கே ஒரு வாசல் உடைத்தார்கள். பிறகு அந்த வாத்தியாருக்கே அந்தச் சம்பந்தம் ஆகவில்லை. அதற்கடுத்து வந்த மாப்பிள்ளைப் பகுதி மேல்மாடி கேட்டது. அப்பா கடன்பட்டுப் படிக்கட்டுக் கட்டினார். படி முடிகிறதற்குள், ஏற்கனவே மாடி உள்ள வீடு ஒன்று திருக்கோவிலில் கிடைத்து அவர்கள் அங்கே போய்விட்டார்கள். எங்கள் ஹோலில் இருந்து படி ஏறிப் போனால் ஆகாயம்தான்.

வீடு கட்டிய மேசன் சாய்ந்தமருதைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். படியின் அடியில் நின்று மேலே பார்த்து, "அல்லாஹ்வே, தங்கச்சி, மழ பெஞ்சா வானத்துத் தண்ணி ஒரு துளி வீணாகாது, எல்லாம் நேரா உங்கட ஹோலுக்குத்தான்" என்றார். அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னார். "எங்கட ஊர்லயும் இதே கூத்துதான் தங்கச்சி. எனக்கு மூணு பொம்புளப் புள்ள. ஊரானுக்கெல்லாம் ஊடு கட்டிக் குடுக்கிறன், என்ட புள்ளைகளுக்குக் கட்டி முடிக்கல்ல" என்று தலையைச் சொறிந்தார். பிறகு அந்த ஓட்டையைத் தகரத்தால் மூடினார்கள்.

இதற்கிடையில் நான் படித்து, கல்முனை பசாரில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. எனக்கு அந்த வேலை நல்ல விருப்பம். வாய்விட்டே சொல்கிறேன், அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. நரம்பு பிடிபடாத கிழவிகள், ஊசியைக் கண்டதும் கத்துகிற பிள்ளைகள், கர்ப்பிணிகள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். முஸ்லிம் பெண்கள் வாசலில் நின்றே, "அந்தக் காரைதீவுப் புள்ள இரிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். என் முதல் சம்பளத்தில் ஸ்கூட்டி ஒன்றுக்கு முற்பணம் கட்டினேன். காலையில் கடற்கரை வீதியால் ஸ்கூட்டியில் போகும்போது யாரும் என்னைத் தட்டிப் பார்ப்பதில்லை, திறந்து மூடிப் பார்ப்பதில்லை. அந்த இருபது நிமிஷம் முழுக்க என்னுடையது.

பெண் பார்க்க வந்த ஒவ்வொரு பகுதியும் எழும்பிப் போகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்கும். "கலியாணத்துக்குப் பிறகும் இவ வேலைக்குப் போவாவோ?" அதற்குப் பதில் சொல்கிறவர் அம்மாவின் தமையன், என் மாமா. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு என்றால் அவர் சொல்வதுதான் சட்டம். "சீச்சீ, அதெல்லாம் நிப்பாட்டிருவம்" என்பார். நான் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் வேலையை நிற்பாட்ட இவர் யார்? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பகுதியும் வேறு ஏதோ காரணத்தால் தானாகவே தட்டிப் போனதால் நான் வாயைத் திறக்க வேண்டி வரவில்லை.

பிறகு மட்டக்களப்பில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒருவரின் பகுதி வந்தது. வீடு பிடித்தது. தகரத்தைக் கழற்றி மாடி கட்டுவதைப் பிறகு பார்க்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். மாமாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரல் வைத்துவிட வேண்டும், நல்ல நாள் போனால் பிறகு மாதக்கணக்கில் கிடைக்காது என்று அவசரப்பட்டார். பாஸ் நிறம் பூசி முடிக்கிறதற்குள் ஐயரைக் கூட்டி வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் குடிபூரல் என்றால் அது விளையாட்டு இல்லை. வீடு யாருக்கோ, அவருடைய பெயரிலும் நட்சத்திரத்திலும்தான் சங்கல்பம். ஐயர் கேட்டபோது மாமாவே முந்திக்கொண்டு என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். நான்தான் நிறைகுடத்தோடு முதலில் உள்ளே போனேன். நான்தான் ஹோலின் நடுவில் புதுப் பானை வைத்துப் பால் காய்ச்சினேன். பால் கிழக்கே பொங்கிச் சரிந்தது. அடைத்து வைத்த வாசல் பக்கம்தான் கிழக்கு. பெண்கள் குரவை போட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பால் காய்ச்சின வீட்டை இருளடைய விடக்கூடாது. பொழுதுபட விளக்கு வைக்க வேண்டும், யாராவது அங்கே படுத்து எழும்ப வேண்டும். பூட்டிப் போட்டால் வீட்டுக்கும் ஆகாது, வீட்டுக்குரியவளுக்கும் ஆகாது. கல்யாணம் பக்கத்தில்தானே, அதுவரைக்கும் அம்மாவும் தங்கச்சியும் மாறி மாறிப் படுக்கலாம் என்று ஏற்பாடு.

அந்தக் கிழமையே மாப்பிள்ளை எனக்கு போன் எடுத்தார். மரியாதையாகத்தான் தொடங்கினார். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க லேபுக்கு எழுதிக் குடுத்திட்டீங்களா, இந்த மாசத்தோட நிக்கிறதெண்டு?"

"இல்ல. ஏன் நிக்கணும்?"

"மாமா எல்லாம் சொன்னாரே. ஆம்புளயளிட கையப் பிடிச்சு ரத்தம் எடுக்கிற வேல எனக்குச் சரி வராது."

"அப்ப எனக்கும் நீங்க சரி வரமாட்டீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இவ்வளவு காலமும் மாமாவின் வாயால் பதில் போய்க்கொண்டிருந்தது, முதல் தடவையாக என் வாயால் போனது. பொழுதுபடுகிறதற்குள் மாமா வந்து நின்றார். வீடு இரண்டுபட்டது.

"உனக்கென்ன விசரா? ஊரெல்லாம் சொல்லி, குடிபூரலும் வச்சு, இப்ப இந்த வாய்க் கொழுப்பு என்னத்துக்கு? உன்ட வயசுக்கு இனி ஆரு வருவான்?"

"வராட்டி விடுங்க மாமா. வீடு இருக்கு, வேல இருக்கு."

"வீடு மாப்பிளைக்குக் கட்டினது!"

"மாப்பிளைட நட்சத்திரத்திலயா பால் காய்ச்சினீங்க?"

அப்பா என்னைப் பார்க்காமலே எழும்பி வட்டைக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். சண்டை வந்தால் அப்பாவுக்குப் போக்கிடம் அதுதான்.

மாப்பிள்ளை போய்விட்டார், ஆனால் பால் காய்ச்சின வீடு அங்கேயே நிற்கிறதே! அதை இருளடைய விட முடியாது. அப்பா வயல் காவலில். தங்கச்சி இரண்டு இரவிலேயே தனியப் படுக்கப் பயந்துவிட்டாள். அம்மாவுக்கு இரவில் மாட்டுக்கொட்டிலையும் பார்க்க வேண்டும். மாமா அவசரப்பட்டுப் பிடித்த நாள் அவர்களுடைய கழுத்துக்கே வந்து நின்றது. "நான் போய்ப் படுக்கிறன்" என்றேன். வேறு வழி இல்லாமல் தலையாட்டினார்கள். இரண்டொரு நாளைக்கு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

முதலில் பாயும் தலையணையும் கொண்டு போனேன். பிறகு மின்விசிறி. பிறகு என் அலுமாரியை ஓட்டோவில் ஏற்றினேன், எதிர் வீட்டுக்குத்தானே என்று ஓட்டோக்காரர் காசு வாங்கவில்லை. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆனால் நான் காஸ் அடுப்பு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கிய அன்று அம்மா வளவு தாண்டி ஓடி வந்தார். வேறு எதை வைத்தாலும் பரவாயில்லை, தனி உலை வைத்தால் அது தனிக் குடும்பம்.

"ஏன்கா புள்ள, தனிய உலை வைக்கப் போறியா?"

"ஓம் அம்மா."

"ஆம்புள துணை இல்லாம எந்தப் பொம்புள தனி உலை வச்சிரிக்கா? ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் வந்தா ஊருக்கும் சேத்துச் சமைக்கிறன். நீங்க இரிங்க, தேத்தண்ணி போடுறன்."

அம்மா இருக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் குசினி மூலையில் கிடந்த தேங்காயை எடுத்து, "இது முத்தல், கறிக்கு இதப் போடு" என்று வைத்துவிட்டுப் போனார்.

ஊர் கதைக்கத்தான் செய்தது. யார் வருகிறார், யார் போகிறார் என்று சந்தியில் இருக்கிற பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்கட்டும் என்று கேற்றடியில் பெரிய பல்பு ஒன்று மாட்டினேன். இருட்டுக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பானேன்! பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால், "தனிய இரிக்கப் பயமில்லையா?" என்று கேட்டார். "இவ்வளவு பேர் பாத்துக்கொண்டிருக்கக்க என்ன பயம் மாமி?" என்றேன். அன்றிலிருந்து அவர் வேலிப்பக்கம் வருவது குறைந்தது.

பாஸ் மிச்ச வேலைக்கு வந்தபோது அடைத்த கிழக்கு வாசலைக் காட்டி, "இத உடைங்க பாஸ்" என்றேன். "வாப்பாட்ட கேட்டீங்களா?" என்றார். "கேக்கல்ல" என்றேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டி, சுத்தியலைத் தூக்கினார். அரை நாளில் கடற்காற்று நேராக ஹோலுக்குள் வந்தது. அடைக்க வைத்த வாத்தியாருக்கு அந்த நேரம் எங்கேயோ தும்மல் வந்திருக்கும்.

இவ்வளவு மட்டும் என்றால் நான் வென்றுவிட்டேன் என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆனால் எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் பாண்டிருப்பில் ஒரு பொடியனை விரும்பியிருந்தாள். நல்ல பொடியன், நானும் கதைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டிலும் சம்மதம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வீடு எங்கே? அவளுக்கென்று அத்திவாரம்கூடப் போடவில்லை. அப்பாவின் அத்தனை போகமும் என் போட்டிக்கோவிலும் ஆகாயப் படியிலும் முடிந்திருந்தது.

மாமா வழி சொன்னார். மூத்தவளுக்குத்தான் கல்யாணம் வேண்டாமே, அந்த வீட்டைச் சின்னவளுக்குக் கொடு. மூத்தவள் பழையபடி தாயோடு வந்து இருக்கட்டும். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. தங்கச்சியே என்னிடம் வந்தாள். வந்து, நான் மடித்துக்கொண்டிருந்த உடுப்பில் ஒன்றை எடுத்துத் தானும் மடித்தாள்.

"அக்கா, உனக்குத்தான் கலியாணம் வேணாமே. எனக்குத் தாவன்."

"நான் கலியாணம் வேணாம் எண்டு சொல்லல்லடி. வேலைய விடச் சொல்லுறவன் வேணாம் எண்டுதான் சொன்னன்."

"எங்கட ஊர்ல அது ரெண்டும் ஒண்டுதானே அக்கா."

அவள் சொன்னது பொய்யில்லை, அதனால்தான் எனக்கு எரிந்தது. அவள் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் அழுதால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் நான் ஓம் என்று சொல்லவில்லை. வீட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பழைய அறைக்குள் போனால், அடுத்த மாதம் மாமா இன்னொரு பகுதியைக் கூட்டி வருவார். எனக்குச் சொந்தமாக நிற்க ஒரு நிலம் இல்லாத இடத்தில் நான் எத்தனை நாளைக்கு வேண்டாம் என்று சொல்வேன்? இதை நான் தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் உடுப்பைப் போட்டுவிட்டு, "நீ பெரிய சுயநலக்காரி" என்று அழுதுகொண்டே போனாள். அன்று நானும் அழுதேன். ஆனால் கேற்றைப் பூட்டிவிட்டுத்தான் அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது கேற்றடியில் இரண்டு ஓட்டோ வந்து நின்றது. மாமா முன்னால் இறங்கினார். பின்னால் பாண்டிருப்புப் பொடியனின் தாய், தகப்பன், தகப்பனின் தமையன். அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் எதிர் வீட்டில் இருந்து வந்தார்கள். அம்மாவின் கையில் வெற்றிலைத் தட்டு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நான் இருக்கிறேன் என்பது அவர்களுக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை.

எண்ணெய்த் தலையோடேயே போய் வாசலில் நின்றேன். "வாங்க, வாங்க, இரிங்க" என்று கதிரை எடுத்துப் போட்டேன். தேத்தண்ணீர் ஊற்றி, பெரியவர்கள் வரிசையில் எல்லாருக்கும் கொடுத்தேன். பொடியனின் தகப்பனின் தமையன் எழும்பிச் சுவரைத் தட்டப் போனார்.

"அதத் தட்டாதீங்க பெரியப்பா" என்றேன். "தேத்தண்ணியக் குடிங்க. இது சீதனத்துக்குக் குடுக்கிற வீடில்ல. நான் குடியிருக்கிற வீடு."

பெரியவரின் கை சுவரில் படாமல் நின்றது. மாமாவுக்கு முகம் கறுத்தது.

"வாய மூடு! உன்ட அப்பன் கட்டின வீடு இது."

"ஓம், அப்பாதான் கட்டினவர். எனக்குக் கட்டினவர். நீங்கதான் மாமா என்ட பேரில பால் காய்ச்ச வச்சீங்க. நான் கேட்டனா?"

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ள, வந்த ஆக்களுக்கு முன்னால மானத்த வாங்காத. வெளியில வா."

அப்பாவின் குரலில் கோபத்தை விடக் களைப்புத்தான் இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. இருந்தாலும் நான் அசையவில்லை.

"எங்க வாற அப்பா? இஞ்ச இருந்து வெளியில வந்தா நான் எந்த வீட்டுக்குப் போற? தங்கச்சிக்குக் கலியாணம் முடிஞ்சா இது தங்கச்சிட வீடு. எதிர் வீட்டுல நீங்க இரிக்கிறீங்க. கலியாணம் முடிக்காத பொம்புளைக்கு எந்த வீடு எண்டு சொல்லுங்க. இப்பவே போறன்."

வந்தவர்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். தங்கச்சி விக்கி விக்கி அழத் தொடங்கினாள்.

அப்போதுதான் அம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டு வந்து நடுவில் வைத்தார். வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், சாறித் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"அவட வீட்ட விடுங்க. சின்னவளுக்கு நான் என்ட வீட்டக் குடுக்கிறன்."

மாமாவுக்கு விளங்கவில்லை. "எந்த வீட்ட?"

"நான் இருக்கிற வீட்டத்தான். அது என்ட வீடுதானே அண்ணன். நம்மட அப்பா எனக்குத்தானே தந்தவர்."

"தங்கச்சி, உனக்கும் விசர் பிடிச்சிட்டா? அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்று மாமா அம்மாவிடம் பாய்ந்தார்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "இஞ்சருங்க, நான் கேக்கல்ல. சொல்லுறன்."

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்வது! இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதர், அன்றைக்குத்தான் அம்மாவைக் கண்டவர் மாதிரிப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே போய் அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. எண்ணெய்த் தலையோடு நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

பொடியனின் தாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த வீட்டுல கிணறு நல்ல தண்ணியா?" என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. எல்லாரும் எழும்பி எதிர் வீட்டைப் பார்க்கப் போனார்கள். பெரியவர் அங்கே போய் ஆசை தீரச் சுவரைத் தட்டினார்.

ஆவணியில் தங்கச்சியின் கல்யாணம் நடந்தது. அவள் என்னோடு கதைக்க அதற்கு முதலே தொடங்கிவிட்டாள். சாறிக்கு ஊசி குத்த வேறு யாரும் சரிவரவில்லையாம். மாமா வந்தார், சாப்பிட்டார், என்னைத் தவிர எல்லாரோடும் கதைத்தார். எனக்கு அதனால் நல்ல நிம்மதி.

மகளுக்கு வீட்டைக் கொடுத்தால் தாய் தகப்பன் அதில் இருந்து விலகி, வளவுக்குள்ளேயே பத்தி என்கிற சாய்ப்புக் கொட்டில் ஒன்று இறக்கி இருப்பதுதான் எங்கள் வழக்கம். அம்மா அதற்கு நிற்கவில்லை. கல்யாண வேலைகள் ஓய்ந்ததும் சீலைத் துணிகளைக் கட்டிக்கொண்டு, வளவு தாண்டி, என் குசினிக்குள் வந்து அடுப்பைப் பார்த்து, "இது என்ன, இவ்வளவு அழுக்கா வச்சிரிக்காய்" என்று துடைக்கத் தொடங்கிவிட்டார். அப்பா வரவில்லை. மருமகனின் வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஓலைப் பத்தி ஒன்று போட்டு அதில் படுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சோறு கொண்டு போய்க் கொடுப்பார். பாத்திரம் கழுவித் திரும்பி வரும், பேச்சு வராது.

மாரி தொடங்கியது. பத்திக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று தங்கச்சி வந்து சொன்னாள். உள் வீட்டுக்கு வரச் சொல்லி மருமகன் கெஞ்சியும் அவர் கேட்கவில்லையாம். அடுத்த நாள் பின்னேரம், நான் வேலையால் வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறேன், கேற்றடியில் அப்பா. குடை இல்லை. யூரியாச் சாக்கு ஒன்றைத் தலையில் போட்டு, தலையணையைப் பொலித்தீனில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். கேற் திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை.

"போய்க் கூப்பிடு புள்ள" என்று அம்மா முதுகில் இடித்தார்.

"ஏன், அவருக்கு வாய் இல்லையா? கேக்கட்டும்."

"உன்ட அப்பன்கா!"

"அதுதான் அம்மா. அவர் கேக்கணும்."

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லுங்கள், பரவாயில்லை. அந்த வீட்டுக்கு மண் சுமந்தவர், கல் சுமந்தவர் அவர்தான். அவர் கேட்காமல் உள்ளே வந்தால் அது திரும்பவும் அவருடைய வீடாகிவிடும், நாளைக்கு மாமா வருவார், நாளன்றைக்குச் சுவர் தட்ட ஆள் வரும். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டு விறாந்தையில் தங்கச்சியும் மச்சானும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா சாக்கை ஒருமுறை இழுத்து விட்டார். இருமினார்.

"புள்ள, நான் உள்ளுக்கு வரட்டா?"

"வாங்கப்பா" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. "உங்களுக்கு அந்த முன் அறையத் துடைச்சுக் கட்டில் போட்டு வச்சிரிக்கன்."

அப்பா படியில் ஏறி, காலில் இருந்த சேற்றை நன்றாகத் தேய்த்துவிட்டு, அறைக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய யன்னல் வைத்து, அவரே நின்று கட்டுவித்த அறை.

"இது மாப்பிளைக்கெண்டு கட்டின அறையெல்லோ?"

"ஓம்" என்றேன். "அதுதான் சும்மா கிடக்கு. போய்ப் படுங்க."